இழைத்து இறக்கிய உயரம்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பட்டறைக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. கண்ணாடிமேல் காலை வைத்தால் போதும், பாதத்தின் மேடு பள்ளமெல்லாம் திரையில் வந்துவிடுகிறது. பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு இயந்திரம் அதைப் பார்த்து ரப்பர் கட்டையைச் செதுக்கித் தள்ளுகிறது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் செருப்புக்கு அடிக்கட்டை ஒரு ஜோடி தயார். ஜெபம் செய்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கேக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பழைய ஆள் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இந்த மாதிரி விழாக்களில் பழைய ஆட்கள் கண் கலங்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மரம் சீவும் இழைப்புளியைத் தள்ளித் தள்ளித் தேய்ந்த என் வலது தோள், இன்றைக்கும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தால் முனகுகிறது. இந்த இயந்திரம் கொஞ்சம் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

கேக் சாப்பிடும்போது திவ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். "அக்கா, இதுல நம்பர் போட்டா அந்த நம்பருக்கு வெட்டிடுது. நீங்க கையாலதானே செஞ்சீங்க? எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"கை வலிச்சா நிறுத்திடுவேன்மா" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, செம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உறுத்தியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தச்சர் வீட்டுப் பெண் இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மாவும் டீச்சர். எங்கள் வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் ஆள் கூப்பிடுவோம். தாம்பரத்தில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் வரவேற்பறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கத்தான் நான் சேர்ந்தேன். நடக்க முடியாதவர்களுக்கான ஆஸ்பத்திரி அது. பின்கட்டில் ஒரு பட்டறை. செயற்கைக் கால், ஊன்றுகோல், கம்பியும் தோல் பட்டையும் வைத்துக் காலைத் தாங்கும் காலிபர், ஒரு கால் குட்டையானவர்களுக்குச் செருப்பின் அடியில் ஒட்டும் மரக்கட்டை என்று எல்லாமே அங்கே செய்வார்கள்.

பட்டறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். தொடை வரைக்கும் அளவெடுக்க வேண்டும் என்றதும் பெண்கள் பாதிப் பேர் அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அதனால் அளவெடுக்க மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். போனேன். டேப்பைக் கையில் கொடுத்த ரூபன் சார், கொஞ்ச நாளிலேயே இழைப்புளியையும் கொடுத்துவிட்டார். "அளவு எடுத்த கைதான் இழைக்கணும் மேடம். நடுவுல இன்னொருத்தர் வந்தா பாதி அளவு வாய்வழியா சிந்திடும்" என்பது அவர் கணக்கு.

ரூபன் சார் பட்டறைப் பொறுப்பாளர். என்னைவிட வயதில் சின்னவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தித் துண்டு இருக்கும். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். ரொம்பக் கோபம் என்றால் கேட்கவே கேட்காது. அப்போது நாம்தான் பக்கத்தில் போய் "என்ன சார்?" என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், ஒரு செருப்பின் அடியில் கனமான கட்டையைக் கட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க அதோடு நடக்கச் சொல்வார். வேலையில், பஸ்ஸில், கடையில், வீட்டில் எங்கேயும் கழற்றக் கூடாது. நல்ல கால் இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர் முன்னால் நொண்ட வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டையாலேயே அவரை ஒன்று போட்டிருப்பேன்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். படியோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "பாத்து எறங்குமே. கால்ல இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. ட்ரெய்னிங்."

"நொண்டறதுக்குக் கூடவா ட்ரெய்னிங் குடுக்கறாங்க? இன்னா காலம் வந்துகீது பாரு!"

வீட்டுக்குப் போவதற்குள் இடுப்பு விண்ணென்று தெறித்தது. கட்டையைக் கழற்றிய பிறகும் எதிர்ப்பக்கம் சாய்ந்துதான் நடந்தேன். மறுநாள் ரூபன் சார் ஒரே கேள்விதான் கேட்டார். "எங்க வலிச்சுது?"

"இடுப்பு, முதுகு, கழுத்து. கால் மட்டும் வலிக்கல சார்."

"அவ்வளவுதான் மேடம். கட்டை வைக்கிறது கால்ல. தூக்கறது மத்த உடம்பெல்லாம்" என்றார். அதற்குமேல் பாடம் எதுவும் இல்லை.

இழைப்புளி பழகியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழகிய காலம் முழுக்க நான் மரத்தை நாசம்தான் செய்தேன். ஒரு கைக்கு அடங்கும் சின்ன இழைப்புளி அது. தகட்டை முதலில் எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தீட்ட வேண்டும். கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாகச் சாய்த்து வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். வழுக்கினால் தீட்டியது போதாது, மறுபடி கல். பிறகு இழைப்புளியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். தகட்டின் நுனி தலைமுடி கனத்துக்கு வெளியே தெரிந்தால் சரி. அதற்குமேல் தெரிந்தால் மரத்தைக் கடிக்கும். அடியில் மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சறுக்கிக்கொண்டு போகும். சாரின் சட்டைப் பையில் மெழுகுவத்தி இருந்த ரகசியம் அதுதான், நான் முதலில் ரொம்ப பக்தியான ஆள் என்று நினைத்திருந்தேன்.

நார் போகும் திசையில் தள்ளினால் மரம் இடம் கொடுக்கும். எதிர்த்திசையில் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். கட்டையின் முனையில் ஒரே போக்காக வெளியே தள்ளினால் ஓரம் உடையும், அதனால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்கு வர வேண்டும். இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு ரூபன் சார் எனக்கு முதுகைக் காட்டியபடி தன் மேஜைக்குப் போய்விடுவார். நான் தள்ளுவேன். சர்ர் என்று சுருள் வந்தால் பேசாமல் இருப்பார். கொஞ்சம் கரகரத்தால் போதும், திரும்பாமலே, "கட்டையைத் திருப்பிப் பிடிங்க மேடம்" என்பார். காதாலேயே வேலை வாங்கும் மனுஷனை நான் அங்கேதான் பார்த்தேன்.

கட்டை செய்யும் முறை இதுதான். ஆளை நிற்க வைத்து, குட்டைக் காலுக்கு அடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகுவோம். நான் பின்னால் மண்டி போட்டு, இடுப்பெலும்பின் இரண்டு மேட்டிலும் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். இரண்டு விரலும் ஒரே மட்டத்துக்கு வந்தால் அதுதான் முழு உயரம். ஆனால் அந்த முழு உயரத்தைக் கொடுக்க மாட்டோம். பல காலம் சாய்ந்தே வாழ்ந்த உடம்பைத் திடீரென்று நிமிர்த்தினால் அது தாங்காது. காலிபர் போட்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலிபரில் முழங்கால் மடங்காது. மடங்காத கால் தரையில் இடிக்காமல் முன்னால் வீசிப் போக வேண்டுமென்றால் அது கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்க வேண்டும். மலைவேம்புக் கட்டையை அளவுக்கு மேல் கொஞ்சம் உயரமாகவே ஒட்டுவோம். ஆளை நடக்க விட்டுப் பார்த்து இழைத்து இறக்குவோம். சரியாக வந்த பிறகு அடியில் ரப்பர் ஒட்டி முடிப்போம்.

இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த வேலையில் பயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அந்தப் பயத்தை நான் முழுசாக அனுபவித்தது வசந்தாவிடம்.

வசந்தா தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்பவள், வீடு படப்பை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டு, பாதி குனிந்துதான் நடப்பாள். கையை எடுத்தால் முழங்கால் மடங்கிவிடும். அந்தக் கை அவளுக்குக் கையாக இல்லை, காலுக்குக் காவலாக இருந்தது.

ரூபன் சார் யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இதைப் போட்டுக்கிட்டு நீங்க முதல்ல என்ன செய்யணும்?" என்றுதான். சிலர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பார்கள், சிலர் பஸ் ஏற வேண்டும் என்பார்கள். வசந்தாவிடம் பதில் தயாராக இருந்தது.

"ஆவணில என் பொண்ணுக்குத் தட்டு மாத்தறோம் சார். மாப்ள வூடு குன்றத்தூரு. என் நாத்தனா இன்னா சொல்றா தெரியுமா? 'அண்ணி, நீ பேசாம குந்திக்கோ, அண்ணங்கூட நா நின்னு மாத்திக்கறேன்'றா. பெத்தது நானு, மாத்தறது அவளா? நா நேரா நிக்கணும். என் கையால மாத்தணும். அவ்ளோதான்."

நிச்சயதார்த்தத் தட்டை உங்களுக்குத் தெரியும். தேங்காய், பழம், வெற்றிலை, பூ, புடவை எல்லாம் வைத்துக் கனமாக இருக்கும். பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் எதிரெதிரே நின்று, இரண்டு கையாலும் கொடுத்து வாங்க வேண்டும். தொடையில் ஒரு கையை வைத்துக்கொண்டு அது நடக்காது. அதுவரை யாருக்கும் இழைத்த கட்டையில் எனக்கு இவ்வளவு வேகம் வந்ததில்லை. அந்த நாத்தனாரை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவள்மேல் எனக்கு ஒரே எரிச்சல்.

காலிபர் தயாரானது. முழங்கால் இனி மடங்காது. கட்டை விஷயத்தில்தான் தகராறு. கொஞ்சம் குறைத்துத்தான் வைப்போம் என்று நான் விளக்கியதும் வசந்தா சிலிர்த்துக்கொண்டாள். "பாதி நேரா நிக்கறதுக்கா இம்மாம் தூரம் வந்தேன்? முழுசா வையி."

நான் சாரைப் பார்த்தேன். "முழு உயரத்துக்கே ஒட்டுங்க மேடம். இறக்க முடியும், ஏத்தத்தான் முடியாது" என்றார் அவர்.

பட்டறையின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதன் எதிரே, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு இரண்டு கம்பிகள். முழு உயரக் கட்டையோடு வசந்தாவை அங்கே நிறுத்தினோம். கண்ணாடியில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு தோளும் ஒரே மட்டம். புடவையின் கரை தரைக்கு நேராக இருந்தது. "நானாக்கா அது?" என்றாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். சார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆனால் நிற்பதோடு சரி. ஓர் அடி வைத்தால் கட்டை தரையில் இடித்தது. கம்பியை விட்டால் உடம்பு எதிர்ப்பக்கம் தள்ளியது. கீழே விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இடது கை பழையபடி தொடைக்கு ஓடியது. காலிபர் கம்பியின்மேலேயே அழுத்திக்கொண்டு நின்றாள். தினமும் மார்க்கெட் முடிந்து வந்து பழகிப் பார்த்தாள். கை தொடையை விட்டு நகரவே இல்லை. தட்டு மாற்றும் நாள் அடுத்த வாரம் என்று வந்துவிட்டது.

அன்றைக்கு ரூபன் சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இறக்குங்க மேடம்."

"எவ்வளவு சார்?"

"அதை அவங்க உடம்பு சொல்லும்."

உடம்பு சொல்வது இருக்கட்டும், வசந்தாவின் வாய் சொன்னதைக் கேட்க வேண்டுமே! காலிபரோடு சேர்ந்த பூட்ஸைக் கழற்றி, கவிழ்த்து, பெஞ்சில் பொருத்தியிருந்த வைஸின் பிடியில் இறுக்கினேன். மெழுகைத் தேய்த்தேன். முதல் சுருள் சர்ரென்று எழும்பிக் கீழே விழுந்தது. வசந்தா நாற்காலியிலிருந்து எட்டி அதை எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகி மடியாக்கி அதில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா, என் உயரத்தைச் சீவிக் கீழ தள்ற?"

மாட்டிவிட்டு நிறுத்தினேன். கை தொடையில். கழற்றி மறுபடி இழைத்தேன். மாட்டினேன். கை தொடையில். மடியில் சுருள் சேர்ந்துகொண்டே போனது. இறக்க இறக்க அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவேளை போதுமான அளவு ஏற்கெனவே போய்விட்டதோ? இனிமேல் இறக்குவதெல்லாம் நாசமோ? இன்னொரு கட்டை ஒட்டிக் காயவைத்து முதலிலிருந்து பழக்க நாளில்லை. அவள் நாத்தனார் பட்டுப்புடவை கட்டித் தட்டோடு நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

கம்பியைப் பிடித்து ஓர் அடி வைத்தாள். இந்த முறை கட்டை தரையில் இடிக்கவில்லை, கால் வீசிக்கொண்டு போனது. ஆனால் கண்ணாடியில் தோள் சாய்ந்திருப்பதை அவள் பார்த்துவிட்டாள். இடது கை இன்னும் தொடையில்தான் இருந்தது, நான் மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், பொங்கிவிட்டாள்.

"யோவ் சார், இங்க வா! இந்தம்மா கைல இருக்கறதைப் புடுங்குயா மொதல்ல! ஏத்திக் குடுப்பாங்கன்னு வந்தா எறக்கிக்கினே கீறாங்க. நா உனுக்கு இன்னாக்கா பாவம் பண்ணேன்? கண்ணாடில நேரா நின்னேன், நீயும் பாத்த, கூட அழுத. இப்ப பாரு, சரிஞ்சி போன செவுரு மாதிரி நிக்கறேன். என் நாத்தனா குடுத்த காசா உனுக்கு? பேஜாரு புடிச்ச வேலைடா இது..."

வலது கை என் முகத்துக்கு நேரே வந்து வந்து போனது. இடது கை கண்ணாடியைக் காட்டியது, கூரையைக் காட்டியது, தலையில் அடித்துக்கொண்டது.

இடது கை! நான் இழைப்புளியைப் பெஞ்சில் வைத்தேன். சொல்ல வாயெடுத்தேன். ரூபன் சார் எனக்கு முன்னாலேயே பார்த்திருந்தார். உதட்டில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டிவிட்டு, மேஜைமேல் ஆணியும் திருகும் போட்டு வைத்திருந்த பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்றார் சாதாரணமாக.

திட்டுகிற வேகத்தில் வசந்தா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். "நீயும் இன்னா சார், அந்தம்மா பக்கமே பேசு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். தொடையைப் பார்த்தாள். கம்பியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மடி அவிழ்ந்து, அதிலிருந்த சுருளெல்லாம் காலடியில் உதிர்ந்து கிடந்தது.

"வுழுந்துடுவனா சார்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரமா நின்னுக்கிட்டுத்தான் திட்டறீங்க. இன்னும் விழல" என்றார் சார்.

வசந்தா மெதுவாகத் தலையை மட்டும் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். தோள் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. புடவைக் கரையும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எங்கே மறுபடி அழப்போகிறாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"நாதான் கோணலா கீறேன்" என்றாள். "தட்டு நேராத்தான் கீது."

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சார் அன்றைக்கே என் கையாலேயே அடி ரப்பரை ஒட்டச் சொன்னார். நான் மறுபடி இழைப்புளியைத் தொட்டுவிடக் கூடாதே என்ற பயமாகவும் இருக்கலாம்.

திவ்யா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உன் இயந்திரம் நல்ல இயந்திரம், அதைத் திட்டாதே, என் தோள் சார்பாக அதற்கு நன்றி சொல். அது பாதத்தை நன்றாகப் பார்க்கும். நீ அந்த நேரத்தில் கையைப் பார். ஆள் தன் கையை மறந்த இடத்தில் நிறுத்திவிடு.

தட்டு மாற்றும் நாளில் படப்பைக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாத்தனார் நான் நினைத்தபடியே பட்டுப்புடவையில், அண்ணிக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள், விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது போல. விழவில்லை. வசந்தாவும் அவள் புருஷனும் தட்டைத் தூக்கிச் சம்பந்தியிடம் கொடுத்தார்கள், அவர்கள் தட்டை வாங்கினார்கள். தேங்காய்கூட உருளவில்லை. ஒவ்வொரு தட்டாக மாறி முடிந்ததும் வசந்தா என்னைத் தேடிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். சாய்ந்து சாய்ந்துதான் வந்தாள், வேகமாக வந்தாள்.

"இன்னாக்கா, பையை இப்படிக் கட்டிப் புடிச்சிகினு கீற? உள்ள இன்னா?"

மறைக்க முடியவில்லை. "இழைப்புளி. ஒருவேளை தேவைப்பட்டா..."

"அடிப்பாவி! பந்தல்ல வெச்சுமா எறக்குவ?" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு என் தோளை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார வைத்தாள்.